சுற்றாத விசிறி

எங்கள் மாமா எந்தச் சாமானுக்கும் ஒரே நொடியில் பெயர் வைத்துவிடுவார். வளைந்த குழாய் வந்தால் அதற்குப் பெயர் ‘தும்பிக்கை’. பல் கொட்டிய சக்கரம் வந்தால் ‘தாத்தா’. எதற்கு உதவும் என்றே தெரியாத இரும்புத் துண்டு வந்தால் ‘சும்மா’.

மாமா வைத்திருப்பது பழைய இரும்புக் கடை. கடை என்றதும் கண்ணாடி அலமாரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பெரிய தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் ஒரு திறந்த முற்றம், முற்றம் நிறையக் குவியல்கள். அவ்வளவுதான் கடை. வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மெயின் சுவிட்ச். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு சாமானுக்கும் மாமா ஒரு பெயர் சொல்வார். அந்தப் பெயரை அதன் மேலேயே சாக்பீஸால் எழுத வேண்டும். என்ன பெயரோ அந்தக் குவியலுக்குப் போகும். ‘விசிறி’ என்று எழுதினால் உள்ளே மோட்டார் இருக்கிறது என்று அர்த்தம். அதை அறுத்துப் பிளந்து செம்புக் கம்பியை எடுப்பார்கள். ‘சும்மா’ என்று எழுதினால் யாரும் திறக்கமாட்டார்கள். அப்படியே உருக்குவதற்குப் போய்விடும்.

சனிக்கிழமைகளில் எழுதுவது என் வேலை. மாமாவின் கையெழுத்தை மாமாவாலேயே படிக்க முடியாது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நானே சொல்லிக்கொள்ளவில்லை, எங்கள் டீச்சர் சொன்னது.

என்னை எல்லோரும் ‘துருவி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் துருவித் துருவிக் கேட்பேனாம். கேட்டால் என்ன தப்பு?

மாமாவின் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். பெயர் எழுதாத சாமானைத் தொடக் கூடாது. அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால் அரைப்புருவம் அண்ணனைப் பார்த்தால் போதும். அவர்தான் கட்டிங் மெஷினில் சாமான்களை அறுப்பவர். பல வருடங்களுக்கு முன்னால், என்ன ஏது என்று கேட்காமல் ஒரு பழைய டிரம்மை அறுத்திருக்கிறார். உள்ளே மிச்சம் இருந்த எண்ணெய் ‘பக்’ என்று பற்றிக்கொண்டது. அன்றைக்குப் போன பாதிப் புருவம் இன்றைக்கு வரைக்கும் திரும்பி வரவில்லை.

மாமாவின் பெயர் வைக்கும் பழக்கம் எங்கள் அம்மாவுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அம்மா இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். ‘கை எலும்பு’ என்று சொன்னால்கூட “எந்தக் கை? எந்த எலும்பு?” என்று கேட்பாள்.

“ஏண்டா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சரியான பேர் இருக்குல்ல? அதைச் சொன்னா என்ன, வாய் வலிக்குமா?” என்பாள்.

“போக்கா! எந்தப் பேர்ல கூப்பிட்டா என்ன? சாமான் கோவிச்சுக்கவா போகுது?” என்பார் மாமா.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவேன். யார் பக்கமும் சேரமாட்டேன். போன சனிக்கிழமை வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

போன சனிக்கிழமை காலையில், மூடிப்போன ஏதோ ஒரு தொழிற்சாலையிலிருந்து ஒரு லாரி சாமான் வந்தது. குழாய், தகடு, சங்கிலி எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி எழுதி என் விரல் வெளுத்துப்போனது. கடைசியாக இறங்கியது ஓர் இரும்பு உருண்டை. பூசணிக்காய் அளவுதான் இருக்கும். மேலே ஒரு கைப்பிடி. ஆனால் அதைத் தூக்க இரண்டு பேரால் முடியவில்லை. பலகை வைத்து உருட்டித்தான் கொண்டுவந்தார்கள்.

அரைப்புருவம் அண்ணன் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அழுக்குத் துணியால் ஓர் இடத்தைத் துடைத்தார். இரும்பில் ஏதோ ஒரு படம் அச்சுக் குத்தியிருந்தது. நடுவில் ஒரு வட்டம். சுற்றிலும் மூன்று இறக்கை. வட்டத்தை ஒட்டிய அழுக்கு மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. வண்ணம் எதுவும் இல்லை, இரும்பின் மேல் இரும்பு.

“முதலாளி! விசிறி படம் போட்டிருக்கு. உள்ள மோட்டார் இருக்கு. இந்தக் கனத்துக்கு நல்ல செம்பு கிடைக்கும்!”

மாமா எட்டிப் பார்த்தார். ஒரு நொடிதான். “விசிறிதான். எழுது துருவி.”

“இவ்வளவு கனமான விசிறியா மாமா?”

“பெரிய விசிறிக்குப் பெரிய மோட்டார்.”

“அப்ப இறக்கை எங்க?”

“கழன்று விழுந்திருக்கும்.”

“ஒயர் எதுவும் வெளிய வரலையே?”

“எலி கடிச்சிருக்கும். ஏய், லாரிக்காரர் நிக்கிறார். எழுதுன்னா எழுதேன்!”

இன்னொரு கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாலாவது கேள்வியை முழுங்கிவிட்டு, முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்: விசிறி.

“சாப்பிட்டு வந்ததும் முதல் வேலை இதுதான். ரெண்டு மணிக்கு உன் வயித்துல என்ன இருக்குன்னு பார்த்துடுறேன்” என்று உருண்டையைத் தட்டிக்கொடுத்தார் அரைப்புருவம் அண்ணன்.

மதியம் அம்மாவுக்குச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு எரிந்தால் உள்ளே போகக் கூடாது. எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

துப்புரவு வேலை செய்யும் அக்கா, ஈரத் துணியால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கதவில் மஞ்சள் நிறத்தில் ஒரு தகடு உண்டு. அதில் கறுப்பில் ஒரு சின்னம். நான் ஆயிரம் தடவை பார்த்தது.

“இந்த விசிறியைத் துடைக்கிறதுக்குள்ள என் உயிரே போகுது. எல்லா இடமும் போயிடுது. நடு வட்டத்தைச் சுத்தி ஒரு இடைவெளி இருக்கு பாரு, அதுல மட்டும் அழுக்கு போய் உக்காந்துக்குது” என்றார் அக்கா.

எனக்கு ஆறு வயதில் நானும் அதை விசிறி என்றுதான் சொன்னேன். அம்மா அன்றைக்கே திருத்திவிட்டாள். அதனால் என் வாய் தானாகப் பேச ஆரம்பித்தது.

“அது விசிறி இல்லக்கா. அதுக்குச் சரியான பேர் மூவிலை. ட்ரெஃபாயில்னும் சொல்வாங்க. கதிர்வீச்சு இருக்குன்னு எச்சரிக்கிற சின்னம். நடுவுல வட்டம், சுத்தி மூணு இலை. இலை எதுவும் வட்டத்தைத் தொடாது. நடுவுல இடைவெளி...”

பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

இடைவெளி. வட்டத்தைச் சுற்றி அழுக்கு உட்கார்ந்த இடைவெளி. காலையில் அரைப்புருவம் அண்ணன் எவ்வளவு தேய்த்தும் அந்த உருண்டையில் போகாத அழுக்கும் அதே இடத்தில்தான் இருந்தது. மஞ்சள் இல்லை, கறுப்பு இல்லை. அதனால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் வட்டம் அதே வட்டம். இலை அதே இலை.

அதன் மேல் ‘விசிறி’ என்று எழுதியது யார்? நான். என் எழுத்தை நம்பித்தான் அண்ணன் அதை அறுக்கப் போகிறார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ஆக எட்டு நிமிடம். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்தது.

எதிர் மேசையில் இருந்த போனில் கடை எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. தகரம் இறக்கும் சத்தத்தில் கடையில் யானை பிளிறினால்கூடக் கேட்காது.

“அக்கா! விளக்கு அணைஞ்சதும் எங்கம்மாகிட்டச் சொல்லுங்க. மாமா கடையில மூவிலை இருக்கு. அறுக்கப் போறாங்க. மூவிலை! விசிறின்னு சொல்லிடாதீங்க!”

“மூவிலை, மாமா கடை, அறுக்கப் போறாங்க. சரி, நீ ஓடு!” என்றார் அக்கா.

சாப்பாட்டு டப்பாவை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

இரண்டு தெருதான். ஆனால் அன்றைக்குப் பார்த்து அந்தத் தெருக்களை யாரோ இழுத்து நீட்டிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு செருப்பு அறுந்தது. அதை அங்கேயே விட்டேன். இன்னொன்று தடுக்கியது. அதையும் விட்டேன். கடை வாசலை நெருங்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது.

கிரீ...ச்ச்!

கட்டிங் மெஷின்.

முற்றத்தின் அந்தக் கோடியில் அரைப்புருவம் அண்ணன் குனிந்திருந்தார். கண்ணில் பெரிய கண்ணாடி, காதில் பஞ்சு. உருண்டையிலிருந்து தீப்பொறி பறந்தது.

“அண்ணே! நிறுத்துங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கலாம் என்று ஒரு கால் முன்னால் போனது. அம்மா எப்போதும் சொல்வாள்: “கதிர்வீச்சுக்கு முன்னால வீரம் காட்டக் கூடாது. தள்ளி நிக்கணும்.” காலைப் பின்னால் இழுத்தேன். அப்படியென்றால் இங்கே நின்றபடியே என்ன செய்வது?

எனக்குப் பக்கத்துச் சுவரிலேயே இருந்தது மெயின் சுவிட்ச்.

எம்பிக் குதித்தேன். எட்டவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு ‘தாத்தா’ சக்கரத்தின் மேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் கைப்பிடியைக் கீழே இழுத்தேன்.

டப்!

மெஷின் முனகிக்கொண்டே நின்றது. கொட்டகை விளக்குகள் அணைந்தன. முற்றம் முழுக்க அப்படி ஓர் அமைதி.

“யாருப்பா கரண்ட்டைப் பிடுங்கினது?” என்று கத்தினார் அரைப்புருவம் அண்ணன்.

“நான்தான்! அண்ணே, அதைவிட்டுத் தள்ளி வாங்க! எல்லாரும் வாசல் பக்கம் வாங்க! அது விசிறி இல்ல!”

மாமா கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. “துருவி, என்ன விளையாட்டு இது? நாலு மணிக்கு லாரி வருது. சுவிட்சைப் போடு.”

“போடமாட்டேன்.”

என் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வந்ததா என்று எனக்கே சந்தேகம். மாமாவிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. ஆனாலும் சக்கரத்தைவிட்டு இறங்கவில்லை.

“மாமா, அது கதிர்வீச்சுச் சின்னம். அதுக்குப் பேர் மூவிலை. அம்மா அறைக் கதவுல இருக்கே, அதேதான்.”

“அது மஞ்சளா இருக்கும். நான் பார்த்திருக்கேன். இது வெறும் விசிறி. நீயே எழுதியிருக்கே!”

“நான் தப்பா எழுதிட்டேன்!” எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன். “அண்ணே, நீங்க எத்தனை விசிறி பிரிச்சிருக்கீங்க?”

“அது இருக்கும், ஆயிரத்துக்கு மேல” என்றார் அரைப்புருவம் அண்ணன். அந்தக் கோபத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

“விசிறியோட இறக்கை எங்க மாட்டியிருக்கும்?”

“இதென்ன கேள்வி? நடுவுலதான். நடுவுல இருக்கிற வட்டத்துல.”

“இந்தப் படத்துல மாட்டியிருக்கா?”

அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திரும்பி உருண்டையைப் பார்த்தார்.

“முதலாளி, ஒட்டலை. மூணுமே வட்டத்தைத் தொடலை.”

“ஒட்டாத இறக்கை எப்படி அண்ணே சுத்தும்?”

“சுத்தாது” என்றார் அவர் மெதுவாக. “பிச்சுக்கிட்டுப் பறந்துடும்.”

“அப்ப விசிறி இல்லதானே? விசிறி இல்லேன்னா நான் எழுதின பேர் தப்பு. பேர் தப்புன்னா அது பேர் எழுதாத சாமான். பேர் எழுதாத சாமானைத் தொடக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு மாமா?”

மாமா என்னைப் பார்த்தார். அண்ணனின் பாதிப் புருவத்தைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“நான்தான்” என்றார். பிறகு முற்றமே அதிரும்படி கத்தினார்: “எல்லாரும் போட்டது போட்டபடி வெளிய வாங்க! டேய், மெஷினையும் அங்கேயே போடு!”

நாங்கள் எல்லோரும் தெரு முனைக்குப் போய் நின்றோம். மாமா தன் கைபேசியில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டார். எங்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

“சார், என் கடையில ஒரு இரும்பு உருண்டை சார். அதுல ஒரு விசிறி படம் போட்டிருக்கு சார். ரொம்ப ஆபத்து சார்.”

“விசிறி படமா?”

“ஆமா சார். மூணு இறக்கை.”

“சார், இது தீயணைப்பு நிலையம். விசிறிக்கெல்லாம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.” டக் என்று வைத்துவிட்டார்கள்.

மாமா கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்கிட்டக் கொடுங்க மாமா” என்றேன்.

அதே குரல்தான் எடுத்தது. நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பள்ளியில் மனப்பாடப் பாட்டு ஒப்பிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

“பழைய இரும்புக் கடையிலேர்ந்து பேசுறேன். இங்க வந்த ஒரு சாமான் மேல மூவிலைச் சின்னம் இருக்கு. ட்ரெஃபாயில். நடுவுல வட்டம், அதைத் தொடாம சுத்தி மூணு இலை. சாமான் ரொம்பக் கனம். அதை அறுக்க ஆரம்பிச்சுட்டாங்க. கரண்ட்டை நிறுத்திட்டேன்.”

அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

“பாப்பா, மூவிலைன்னா சொன்னே? கதிர்வீச்சு எச்சரிக்கை மூவிலையா?”

“ஆமா சார்.”

“பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“இல்ல. எல்லாரும் தெரு முனைக்கு வந்துட்டோம்.”

“சபாஷ். அங்கேயே நில்லுங்க. யாரையும் உள்ள விடாதீங்க. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் சொல்லிடுறோம். இதோ வந்துட்டோம்.”

கைபேசியை மாமாவிடம் கொடுத்தேன். ஒரே கடை, ஒரே உருண்டை, ஒரே போன். மாமா சொன்ன பெயருக்கு எலக்ட்ரீஷியன். நான் சொன்ன பெயருக்குத் தீயணைப்பு வண்டி! மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

வண்டிக்கு முன்னால் வந்துசேர்ந்தது எங்கள் அம்மா. தெருவே திரும்பிப் பார்த்தது. எக்ஸ்ரே அறையில் போட்டுக்கொள்ளும் கனமான ஈய மேலங்கியைக் கழற்ற மறந்துவிட்டு, அதோடு தப் தப் என்று ஓடி வந்தாள்.

“என்னக்கா, சண்டைக்கா கிளம்பிட்டே?” என்றார் மாமா. பயத்தில்கூட அவர் வாய் சும்மா இருக்காது.

அம்மா அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. என்னைப் பிடித்து இழுத்து அந்த ஈய மேலங்கியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். சுவரில் மோதிக்கொண்ட மாதிரி வலித்தது. ஆனால் விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் சைரன். சிவப்பு வண்டி. அதன் பின்னால் ஒரு வெள்ளை வண்டி. வெள்ளை வண்டியிலிருந்து இறங்கிய பெண் அதிகாரி கையில் ஒரு சிறிய பெட்டி வைத்திருந்தார். அது டிக்... டிக்... என்று மெதுவாகச் சத்தம் போட்டது.

“பயப்படாதீங்க. இப்படி மெதுவா டிக் டிக்னா எப்பவும் எல்லா இடத்துலயும் இருக்கிறதுதான்” என்று சொல்லிவிட்டு அவர் கடைக்குள் போனார். உருண்டையை நெருங்க நெருங்க அந்தச் சத்தம் வேகமானது. டிக்டிக்டிக்டிக்!

அரைப்புருவம் அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து அதிகாரி வெளியே வந்தார்.

“தொழிற்சாலையில அளவெடுக்கிற கருவி இது. உள்ள ஒரு மாத்திரை அளவுக்குக் கதிர்வீச்சுப் பொருள் இருக்கு. அதை அடக்கி வைக்கத்தான் சுத்திலும் அவ்வளவு ஈயம். அதனாலதான் அந்தக் கனம். உங்க மெஷின் மேல் இரும்புல ஒரு நகக்கண் ஆழத்துக்குப் போயிருக்கு. ஈயத்தைத் தொடலை. எதுவும் வெளிய வரலை.”

“இன்னும் கொஞ்சம் அறுத்திருந்தா?” என்று கேட்டார் அண்ணன்.

“அதை இப்ப நினைக்க வேண்டாம்” என்றார் அதிகாரி. அவர் சொன்ன விதத்திலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் எல்லோரின் கை, கால், சட்டை மேலெல்லாம் அந்தப் பெட்டியை நகர்த்தினார். டிக்... டிக்... மெதுவாகத்தான் கேட்டது. அண்ணனின் முகத்துக்கு நேரே இரண்டு தடவை நகர்த்தினார். “உங்க புருவத்துக்கு என்ன ஆச்சு?”

“அது பழைய கதைம்மா!” என்றார் அண்ணன் அவசரமாக. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பயம் போன பிறகு வரும் சிரிப்பு சீக்கிரம் அடங்காது.

அதிகாரி தன் தாளில் எழுத ஆரம்பித்தார். “அது மேல விசிறின்னு எழுதியிருக்கே, யார் எழுதினது?”

என் சிரிப்பு நின்றுவிட்டது. “நான்” என்றேன்.

“நான் சொல்லித்தான் எழுதினா” என்றார் மாமா உடனே.

“முதல்ல சொன்னது நான்தாம்மா” என்றார் அரைப்புருவம் அண்ணன்.

அதிகாரி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி. அது விசிறி இல்லேன்னு சொன்னது யார்?”

மாமாவும் அண்ணனும் அம்மாவும் ஒரே நேரத்தில் என்னைக் கை காட்டினார்கள்.

“என்ன பேர் சொன்னே?”

“மூவிலை.”

“அதுதான் சரியான பேர்” என்று சொல்லி, அதையே தாளிலும் எழுதினார். தலைகீழாகப் படித்தேன். ‘மூவிலையை அடையாளம் கண்டு தகவல் தந்தது: சிறுமி’ என்று எழுதியிருந்தார்.

தீயணைப்பு அதிகாரி எனக்குக் கை கொடுத்தார். “நீ அந்தப் பேரைச் சொல்லலைன்னா நான் ரெண்டாவது தடவையும் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடச் சொல்லியிருப்பேன்” என்றார்.

“ஓ, அது நீங்கதானா?” என்று முறைத்தார் மாமா.

“நீங்க விசிறின்னீங்க சார்! ஆனாலும் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். என் தப்புதான்.”

அன்றைக்கு மாலை அந்த உருண்டை, இன்னும் பெரிய ஓர் ஈயப் பெட்டிக்குள் ஏறி, வெள்ளை வண்டியில் போனது. தெருவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். வண்டிக்குக் கைதட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் என் பக்கம் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வெறும் காலோடு நின்றுகொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நானும் சேர்ந்து தட்டினேன்.

வீட்டில் அம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். எல்லாம் ஆறிப் போயிருந்தது. “எந்தப் பேர்ல கூப்பிட்டா என்ன, சாமான் கோவிச்சுக்கவா போகுதுன்னு யாரோ சொன்னாங்களே?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

“கோவிச்சுக்கும்க்கா” என்றார் மாமா. “டிக்டிக்டிக்குன்னு கோவிச்சுக்கும்.”

இந்த வாரம் கடை வாசலில் ஒரு புதுப் பலகை மாட்டியிருக்கிறோம். மஞ்சள் வண்ணம் அடித்தது மாமா. கறுப்பில் படம் வரைந்தது நான். வட்டத்தைச் சுற்றி இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அரைப்புருவம் அண்ணன் விரலை வைத்து மூன்று முறை பார்த்தார். படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறேன்: ‘இதன் பெயர் மூவிலை. எதன் மேல் பார்த்தாலும் தொடாதே. தள்ளி நில். உடனே கூப்பிடு.’ அதற்கும் கீழே போன் எண். நாலு குவியல் தள்ளி நின்றாலும் படிக்கலாம், அப்படி முத்து முத்தாக எழுதியிருக்கிறேன்.

இன்றைக்குக் காலையில் ஒரு லாரி வந்தது. அதிலிருந்து ஒரு பழைய சீலிங் ஃபேன் இறங்கியது. சந்தேகமே வேண்டாம், யார் பார்த்தாலும் விசிறிதான். மூன்று இறக்கையும் நடுவில் கெட்டியாக மாட்டியிருந்தன. ஆனால் மாமா பெயர் சொல்லவில்லை. அண்ணனும் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு சும்மா நின்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் அதைச் சுற்றி வந்தேன். குனிந்து பார்த்தேன். ஓர் இறக்கையைத் தள்ளிவிட்டேன். கிறீச் கிறீச் என்று சுற்றியது.

“விசிறி” என்றேன்.

“அப்ப எழுதும்மா” என்றார் மாமா. சாக்பீஸை நீட்டியவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். “இரு. கேள்வி ஏதாவது மிச்சம் இருக்கா?”

இருந்தது. ஒன்று இல்லை, நான்கு இருந்தன. நான்கையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வரும்வரை கட்டிங் மெஷின் காத்துக்கொண்டிருந்தது.